சாவியைத் திருப்பியதும் எண்ணிப் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி வண்டியை எடுக்கிறார் ஒருவர். கவரைப்பேட்டை தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பி, பெரியபாளையம், வெங்கல், தாமரைப்பாக்கம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர வேண்டும். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பாட்டும் ஓடுகிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மட்டும் கும்மிருட்டு. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் செல்போன் டார்ச்சை அடிக்கிறார். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. மீட்டர் லைட்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இருட்டைப் போக்குவது பெரும்பாலும் டீயும் வடையும் சாப்பிடுகிற காசில் முடியும் வேலை. பொறுமையும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் போர்டில் இருப்பவை இரண்டு வகை விளக்குகள். அவற்றில் நமக்கு உடனே தெரிகிற பழுது ஆபத்தானதல்ல. ஆபத்தான பழுதோ நம் கண்ணுக்கே தெரியாது.

அதற்குள் போகுமுன் திருவள்ளூரைப் பற்றிக் கொஞ்சம். இந்த மாவட்டத்துச் சாலைகளில் பழைய மிட்சுபிஷி லான்சர் இன்னும் கண்ணில் படுகிறது என்றால், அது ஒரு வகையில் சொந்த ஊர்க் கார். திருவள்ளூருக்குப் பக்கத்தில் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998இல் லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1.5 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் இன்ஜின்களில் வந்தது. அதே ஆண்டுகளில்தான் டோமி மாக்கினென் என்ற ஃபின்லாந்துக்காரர் லான்சர் எவல்யூஷனை ஓட்டி 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றார். நம் ஊரில் ஓடியது அந்தக் காரின் சாதுவான தம்பி. ஆனாலும் பெயரில் ஒட்டியிருந்த மவுசு குறையவில்லை. 2002இல் பஜேரோவும் 2006இல் செடியாவும் வந்தன. பிறகு விற்பனை தேய்ந்து, அந்த ஆலையில் 2014 வாக்கில் இசுசூ வண்டிகள் தயாராயின. இசுசூ 2016இல் ஆந்திர எல்லைக்கு அப்பால், தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலைக்குப் போய்விட்டது. 2021 முதல் அதிகத்தூர் ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன.

இந்தக் கதைக்கும் பல்புக்கும் தொடர்பு இருக்கிறது. 1998இல் இந்த ஆலை வாசலைத் தாண்டிய காரில், மீட்டருக்குப் பின்னால் கையால் கழற்றி மாட்டக்கூடிய சின்னச் சின்னப் பல்புகள் இருந்தன. 2021இல் அதே இடத்திலிருந்து வந்த சிட்ரோயன் சி5 ஏர்கிராஸில் இருப்பது 12.3 அங்குலத் திரை. அதில் கழற்றி மாட்டப் பல்பே கிடையாது. பழுதானால் பெட்டியோடு மாற்ற வேண்டியதுதான், அதன் விலை சாதாரணமாக இருக்காது. பழைய கார் வைத்திருப்பவர் இந்த ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்.

இனி இரண்டு வகை விளக்குகள். முதல் வகை, எண்களும் முட்களும் இரவில் தெரிவதற்காக எரிபவை. பார்க்கிங் லைட்டைப் போட்டவுடன் சேர்ந்து எரியும். இவை போனால் அன்று மாலையே தெரிந்துவிடும். இரண்டாம் வகை எச்சரிக்கை விளக்குகள்: ஆயில் பிரஷர், பேட்டரி சார்ஜ், ஹேண்ட்பிரேக், இன்ஜின் செக், டீசல் வண்டியில் ஹீட்டர் சுருள் என்று வரிசையாக இருக்கும். சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் வெறும் தகவல். இந்தக் குறியீடுகளுக்கு ஐ.எஸ்.ஓ 2575 என்ற உலகப் பொதுத் தரமே உண்டு. அதனால்தான் எந்த நாட்டுக் காரில் உட்கார்ந்தாலும் எண்ணெய்ச் சொம்பு படம் எண்ணெய்ச் சொம்பாகவே இருக்கிறது.

எச்சரிக்கை விளக்கின் பல்பு போய்விட்டால் எதுவுமே நடக்காது. அணைந்திருப்பதுதான் அதன் இயல்பு என்பதால், செத்த பல்பும் எல்லாம் நலம் என்றே சொல்லும். ஆயில் பிரஷர் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் திருகியிருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அந்த விளக்கின் கம்பியை எர்த்தில் சேர்க்கும், விளக்கு எரியும். பல்பு போயிருந்தால் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும், நீங்கள் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு கேட்கிற சத்தம் பேரிங்கின் சத்தமாக இருக்கும். இருபது ரூபாய்ப் பல்புக்காக இன்ஜினை இறக்கிய கதைகளை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் ஒன்றிரண்டு சொல்வார்.

இதற்காகத்தான் கார் செய்தவர்களே ஒரு சோதனையை வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். நம்மில் பலர் சாவியை ஒரே திருப்பில் ஸ்டார்ட் வரை கொண்டுபோவதால் இந்தக் காட்சியைப் பார்ப்பதே இல்லை. உங்கள் காரில் அந்த இடத்தில் எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஆமாம், கழற்றுவார்கள். பழைய கார் வியாபாரத்தில் இது தெரிந்த தந்திரம்தான். இன்ஜின் செக் விளக்கு அணைய மறுக்கிறது, சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும், ஆகவே பல்பைப் பிடுங்கிவிட்டால் வாங்க வருபவர் பார்க்கப் போவதில்லை. ஏர்பேக் விளக்குக்கும் இதே கதி. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர் டயரை உதைத்துப் பார்ப்பதை விட, சாவியைப் பாதி திருப்பி விளக்குகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. இன்னும் கைதேர்ந்தவர்கள் செக் விளக்கின் கம்பியைப் பக்கத்து விளக்கோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணையும். ஒரே நொடியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்ளும் விளக்குகளைச் சந்தேகப்படுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் இந்த மாவட்டத்திலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. மீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்திரை படிந்த தடம் இருந்தால், பல்பைப் பற்றி யோசிக்காமல் வேறு காரைப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் உட்கார்ந்த இடத்திலேயே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டர் வெளிச்சம் முழுக்கப் போயிருந்தால் பல்புகள் எல்லாம் ஒரே நாளில் சாகவில்லை என்று பொருள். முதலில் டிம்மர் சக்கரத்தைப் பாருங்கள். துடைக்கும்போதோ குழந்தை விளையாடும்போதோ அது கீழே இறங்கியிருக்கும். சிரிக்க வேண்டாம், பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதுவும் ஒன்று. அடுத்து வண்டிக்குப் பின்னால் போய் டெயில் லைட்டைப் பாருங்கள். பல கார்களில் பார்க்கிங், டெயில், மீட்டர் வெளிச்சம் மூன்றுக்கும் ஒரே ஃப்யூஸ். அதுவும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ் போயிருக்கிறது. புது ஃப்யூஸ் போட்டதும் அதுவும் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். அப்போது பெரிய ஃப்யூஸ் போடுவதோ, சிகரெட் காகிதத்து வெள்ளித் தாளைச் சுற்றுவதோ காரைக் கொளுத்துகிற வேலை. ஒயரிங்காரரிடம் காட்டுங்கள். வயல் ஓரமாக வண்டி நிறுத்துகிற வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் எலிதான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் பல்பு. டாஷ்போர்டைத் தட்டினால் எரிந்து, மறுபடி அணைந்தால் லூஸ் கான்டாக்ட். இந்தப் பகுதியில் இது அதிகம் வருவதற்குக் காரணம் சொல்லலாம். பழவேற்காடு, காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து வருகிற காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும். கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளையும் வார்ப்பாலைகளையும் சுற்றி நிற்கிற வண்டிகளில் இரும்புத்தூசி ஏறும். பல்பு ஹோல்டரின் மெல்லிய தகட்டில் களிம்பு பிடிக்க இது போதும். நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்த்த அதே களிம்புதான், இங்கே புளி மட்டும் வேண்டாம்.

விளக்குகள் நன்றாக எரிந்து, எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் மட்டும் சேர்ந்தாற்போல் தப்பாகக் காட்டினால் அது பல்பு விவகாரமே அல்ல. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வகைக் கார்களில் முட்களுக்கென்றே சுமார் 10 வோல்ட் தருகிற சின்ன ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பல்பு ஏன் போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் கரும்படலமாகப் படிகிறது. பழைய பல்பைக் கையில் எடுத்தால் கண்ணாடி கறுத்திருப்பது தெரியும். இழை மெலிந்த இடத்தில் ஒருநாள் அறுந்துவிடும். குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையின் தடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் ஸ்விட்சைப் போட்ட நொடியில் மின்னோட்டம் பாய்ந்து ஏறும். பெரும்பாலான பல்புகள் போடும்போதே சாவது இதனால்தான். இன்னொரு எதிரி வோல்டேஜ். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினால் இழை பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஓடுகிற வண்டியில் ஆல்டர்னேட்டர் தருவது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட். மீட்டர் பல்பு அடிக்கடி போகிறது என்றால் பல்பைத் திட்டாமல் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது அடுத்து பேட்டரியையும் தின்னும்.

கழற்றும் வேலை காருக்குக் கார் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் எடுத்துவிடுங்கள். கடிகார நேரம் போகும், சில ரேடியோக்கள் கோடு கேட்கும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் கேபிளை எடுத்த பிறகு சில நிமிடம் காத்திருங்கள். அதோடு, மீட்டர் பிளக்கைக் கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்யவே கூடாது. செய்தால் ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரியத் தொடங்கி, அதை அணைக்க ஸ்கேனரைத் தேட வேண்டிவரும்.

ஸ்டீயரிங்கை முடிந்த மட்டும் கீழே இறக்கி, அதன் மேல் பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். மீட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் முகப்பில், பெரும்பாலும் மேல்விளிம்புக்கு உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஸ்க்ரூக்கள் இருக்கும். எடுத்த பிறகும் முகப்பு வராது. பின்னால் கிளிப்புகள் பிடித்திருக்கும். இங்கேதான் அவசரக்காரர்கள் உடைப்பார்கள். இருபது வருடம் நம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. நடுப்பகலில் செய்யாமல், காலையில் செய்வதாக இருந்தால் வண்டியைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்தி, பிளாஸ்டிக் இளக்கமாக இருக்கும்போது விரல்களால் ஓரம் ஓரமாக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழும்.

உள்ளே மீட்டர் போர்டை மூன்று நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்து முன்னால் சாய்த்தால் பின்னால் கை போகும். கம்பி வைத்த ஸ்பீடோமீட்டராக இருந்தால் அதன் கேபிள் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி விடுவிக்க வேண்டும். கை எட்டவில்லை என்றால் இன்ஜின் பக்கமிருந்து கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒயர் பிளக்குகளின் பூட்டை அழுத்தி, பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். எல்லாம் கழற்றுமுன் செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்வது இந்தக் காலத்து வரம்.

மீட்டரைத் துண்டின் மேல் வையுங்கள். முன் கண்ணாடியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. முட்களைத் தொடவே வேண்டாம். மயிரிழை நகர்ந்தாலும் பிறகு 60இல் போகும்போது 70 காட்டும். பின்பக்கம் செம்புக் கோடுகள் அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் தெரியும். மின்சாரம் ஓடுகிற பாதை அதுதான், கிழிந்தால் பல்பு மாற்றி என்ன பயன்? அதன் மேல் வரிசையாக இருக்கிற கறுப்பு, பழுப்பு நிறக் குமிழ்கள்தான் பல்பு ஹோல்டர்கள். இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கிற கண்ணாடி பல்பு திருகுவதல்ல, நேராக இழுத்தால் வரும். கடைகளில் இதைக் கேப்லெஸ் பல்பு என்பார்கள். அம்பாசிடர் காலத்துக் கார்களில் உலோக அடி வைத்த, திருகுகிற அல்லது அழுத்தித் திருப்புகிற பல்பு இருக்கலாம்.

பல்பு நல்லதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இழை அறுந்தும் ஒட்டியது போல் தெரியும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். சில ஓம்கள் காட்டினால் பல்பு உயிரோடு இருக்கிறது, பழுது ஹோல்டரில். ஹோல்டரின் தகட்டையும், அது உட்காரும் செம்புத் தடத்தையும் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் களிம்போடு செம்பும் போய்விடும்.

வாங்கும்போது பழைய பல்பையே கையில் கொண்டுபோங்கள். உருவ அளவு ஒன்று, வாட் அளவு ஒன்று, இரண்டும் பொருந்த வேண்டும். பெரிய கேப்லெஸ் பல்பு டி-10, சின்னது டி-5. பழைய ஜப்பானிய வகை மீட்டர்களில் 14 வோல்ட் 3.4 வாட் என்றும், சின்னவற்றில் 1.2 வாட் என்றும் அடிக்கடி பார்க்கலாம். பார்க்கிங் லைட்டுக்குப் போடுகிற 5 வாட் பல்பும் அதே டி-10 உருவம்தான், அப்படியே உட்கார்ந்துவிடும். வெளிச்சமும் நன்றாக இருக்கும். சில மாதம் கழித்து ஹோல்டர் உருகியிருக்கும், பின்தாள் கருகியிருக்கும். கடைக்காரர் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் உருவத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில பல்புகளுக்குப் பச்சையோ நீலமோ ரப்பர் தொப்பி போட்டிருப்பார்கள். அதைப் பழைய பல்போடு குப்பையில் போட்டுவிடாதீர்கள், தனியாகக் கிடைப்பது கடினம்.

என் கட்சி, வெளிச்ச பல்புகளை ஒன்றோ இரண்டோ மாற்றாமல் அத்தனையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும் என்பது. எல்லாம் ஒரே அளவு நேரம் எரிந்தவை. இன்று ஒன்று போனால் அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்தது போகும். கஷ்டம் கழற்றுவதில்தான், பல்பின் விலையில் அல்ல.

எல்இடி போடலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. வெளிச்சத்துக்கு மட்டும் என்றால், போடலாம். சூடு குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் சில சங்கடங்கள் உண்டு. எல்இடிக்குத் திசை உண்டு, எரியவில்லை என்றால் பிடுங்கித் திருப்பிப் போட வேண்டும். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும் என்று நினைத்து வடிவமைத்த பெட்டியில், நேராக மட்டும் ஒளி விடும் எல்இடி நடுவில் பளீரென்றும் ஓரத்தில் இருட்டாகவும் தெரியும். பக்கவாட்டிலும் ஒளி விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். டிம்மர் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். நீல எல்இடி மோகத்தைப் பற்றி என்ன சொல்ல! சிவப்பு, ஆரஞ்சு முட்களின் மேல் நீல ஒளி பட்டால் முள் கறுப்பாகி மறைந்துவிடும். எண்கள் ஜொலிக்கும், வேகம் தெரியாது. ரெட்ஹில்ஸ் சாலையில் லாரிகளுக்கு நடுவே இரவில் ஓட்டுகிறவருக்கு அதைவிட மங்கலான மஞ்சள் வெளிச்சம் ஆயிரம் மடங்கு மேல்.

எச்சரிக்கை விளக்குகளில் எல்இடி வேண்டாம் என்பேன். முக்கியமாகப் பேட்டரி சார்ஜ் விளக்கில். பல பழைய கார்களில் அந்தச் சின்னப் பல்பு வெறும் அடையாள விளக்கு அல்ல, சார்ஜ் சுற்றின் ஒரு பகுதி. ஆல்டர்னேட்டர் நின்றிருக்கும்போது அதன் சுழலிக்குக் காந்தம் போதாது. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகப் போய்ச் சுழலியைக் காந்தமாக்கும். அந்த மின்சாரம் போகிற அடையாளம்தான் சிவப்பு விளக்கு. இன்ஜின் ஓடி, ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் வந்துவிடும். பாய வழியில்லாமல் விளக்கு அணையும். 3 வாட் பல்பு கால் ஆம்பியர் அளவு விடும். எல்இடி விடுவது அதில் மிகச் சிறு பங்கு. பல்பு போயிருந்தாலோ எல்இடி இருந்தாலோ ஆல்டர்னேட்டர் விழிக்காமலே சுழலலாம். பேட்டரி இறங்கும். பல்பு போயிருந்தால் விளக்கும் எரியாது. ஆல்டர்னேட்டரை மாற்று, பேட்டரியை மாற்று என்று செலவு செய்து, கடைசியில் பல்பில் வந்து நிற்பார்கள். பிற்கால வண்டிகள் பலவற்றில் பல்போடு இணையாக ஒரு ரெசிஸ்டரும் வைத்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்தது. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாதவரை, இருந்த வாட்டிலேயே இழை பல்பைப் போடுவதுதான் நல்லது.

இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே பச்சை இண்டிகேட்டர் விளக்கு வைத்த மிகப் பழைய கார்களிலும் எல்இடி காலை வாரும். அங்கே பல்பு இரண்டு பக்கச் சுற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் போட்டால் மின்சாரம் இப்படிப் போகும், மறுபக்கம் போட்டால் அப்படி. திசை பார்க்கிற எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் கண் சிமிட்டும்.

பல்புகளைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பஜார்களிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வாங்கலாம். கிடைக்காத வகைக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது எல்லோரும் சொல்கிற ஜி.பி. ரோடு. பல்பு புதிதாகத்தான் வாங்க வேண்டும், ஹோல்டர் பழையதே போதும். உடைந்த ஹோல்டர், கிழிந்த பின்தாள், வெடித்த முகப்பு என்றால் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போக வேண்டியதுதான். லான்சர் மாதிரி உற்பத்தி நின்றுபோன காருக்கு, இன்னொரு லான்சரிலிருந்து கழற்றியதுதான் பெரும்பாலும் கிடைக்கும். அங்கே முழு மீட்டர் போர்டையே வாங்கி மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கிலோமீட்டர் எண் மாறிவிடும். மாற்றிய தேதியையும் பழைய, புதிய அளவுகளையும் பில்லில் எழுதி வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைத்திருங்கள். நாளை விற்கும்போது நீங்கள் எண்ணைக் குறைத்த ஆள் ஆகிவிடக் கூடாது. ஸ்பீடோமீட்டர் வேலை செய்யாமலே ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வேகங்காட்டி இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களை முறுக்குமுன் ஒரு ஒத்திகை. எல்லாப் பிளக்கும் போட்டு, பேட்டரியை இணைத்து, மீட்டர் போர்டு துண்டின் மேல் சாய்ந்திருக்கும்போதே சாவியைப் பாதி திருப்புங்கள். எச்சரிக்கை விளக்குகளை எண்ணுங்கள். பார்க்கிங் லைட்டைப் போடுங்கள், டிம்மரை மேலும் கீழும் உருட்டுங்கள், இரண்டு இண்டிகேட்டரும் ஹைபீமும் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில், சார்ஜ் விளக்குகள் அணைகின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத் தாளில் இரும்புச் சாமான் எதுவும் உரசாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம். குறை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

பிறகு சாவியை எடுத்துவிட்டு ஸ்க்ரூக்களைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறுகிற ஸ்க்ரூ என்பதால் விரல் பலம் போதும். முகப்பைத் தட்டி உட்கார வைத்து, கடிகாரத்தைச் சரிசெய்து, தெருவில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மீட்டர் ஜொலிக்கிறது, எல்லாம் அழகாக இருக்கிறது, ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறதா? கேபிள் தலை கிளிக் என்று உட்காரவில்லை. துண்டை மறுபடி விரியுங்கள்.